பர்பாலிக் கவிஞரின் பெயரில்

1895-இல், இன்று மேற்கு ஒடிசாவில் இருக்கும் சம்பல்பூர் மாவட்டத்துக்கு ஓர் அரசாணை வந்தது. கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும் இனி இந்திதான், ஒடியா கிடையாது என்றது அந்த ஆணை. அன்று சம்பல்பூர் ஒடியாக்காரர்களின் மற்ற பகுதிகளோடு சேர்ந்திருக்கவில்லை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மாகாணத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. மாகாணம் முழுவதும் ஒரே மொழியில் கோப்பு நடந்தால் நிர்வாகம் எளிது என்று மேலிடம் நினைத்தது. பத்திரம் எழுதத் தெரிந்த ஊர்க்காரர் மறுநாளே பத்திரம் படிக்க இன்னொருவரைத் தேடிப் போகவேண்டிய நிலை வந்தது.

இந்திய மொழிகளில் எழுதும் கவிஞர்களுக்குச் சம்பல்பூர் பல்கலைக்கழகம் வழங்கும் கங்காதர் தேசியக் கவிதை விருது நிறுவப்பட்டது 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். ஆனாலும் அதன் பிறந்த கதையை இந்த ஆணையில் தொடங்கினால்தான் விளங்கும். எந்த மொழிக் கவிஞராக இருந்தாலும் வரலாம் என்று ஒரு பல்கலைக்கழகம் கதவைத் திறந்து வைப்பது நல்ல காரியம்தான். சொந்த மொழியைக் கச்சேரி வாசலிலேயே நிறுத்திவைத்ததைப் பார்த்த ஊர் அதைச் செய்தது என்பதுதான் என்னை இந்த விருதின் பக்கம் இழுத்தது.

விருதின் பெயருக்கு உரியவர் கங்காதர் மெஹெர். 1862 ஆகஸ்ட் 9 அன்று, அப்போதைய சம்பல்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த பர்பாலியில் நெசவாளர் வீட்டில் பிறந்தார். இன்று அந்த ஊர் பர்கட் மாவட்டத்தில் இருக்கிறது. சம்பல்பூரிச் சேலை என்று நம் ஊர்க் கடைகளில் விற்பது இந்த வட்டாரத்துத் தறிகளில் நெய்ததுதான். அதில் பூவோ மீனோ சங்கோ எதுவுமே தறியில் பிறப்பதில்லை. தறி ஏற்றும் முன்பே எந்த இழையில் எந்த இடத்தில் எந்த நிறம் விழவேண்டும் என்று கணக்கிட்டு, நூல்கற்றையை அங்கங்கே இறுகக் கட்டுவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. முக்கி, காயவைத்து, சில கட்டுகளை அவிழ்த்து, வேறு சில இடங்களில் கட்டி, அடுத்த நிறத்தில் மறுபடி முக்குவார்கள். நெய்யும்போது இழைகள் அதனதன் இடத்தில் வந்து சேர்ந்தால்தான் உருவம் துலங்கும். கணக்கு பிசகினால் பூ கலங்கிப்போகும். கங்காதர் வளர்ந்தது இந்த வேலைக்கு நடுவில்.

தந்தை சைதன்ய மெஹெர் நெசவோடு வைத்தியமும் பார்த்தார். அதுவும் போதாமல் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். மகனின் பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பிறகு பர்பாலி ஜமீனில் நிலக்கணக்குப் பார்க்கும் அமீன் வேலை, அதற்குப் பின் மொஹரிர் என்னும் எழுத்தர் வேலை. சம்பளம் ஏழு ரூபாயில் தொடங்கி முப்பது ரூபாயில் முடிந்ததாக அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. சம்பல்பூர், பிஜேபூர், பத்மபூர் என்று மாற்றலாகிக்கொண்டே இருந்தார். கச்சேரி மொழி மாறிய செய்தியை அவர் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அவர் பிழைப்பே அந்தக் காகிதங்களில்தான் இருந்தது. ஒடியா மொழியே நேரில் நின்று முறையிடுவதுபோல் அவர் கவிதை எழுதினார். ஊர்ப் பெரியவர்கள் மனுக்களைத் தூக்கிக்கொண்டு சிம்லாவரை போனார்கள். 1903-இல் ஒடியா கச்சேரிக்குத் திரும்பியது. 1905-இல் சம்பல்பூர் மத்திய மாகாணத்திலிருந்து பிரிந்து, அன்று வங்கத்தின் கீழ் இருந்த ஒடிசாப் பிரிவோடு சேர்ந்தது. 1936-இல் ஒடிசா தனி மாகாணமானது.

மொழிக்காகக் குரல் கொடுத்தவர் என்பதற்காக மட்டும் கங்காதரை நினைத்தால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அவர் முதலில் கவிஞர். ஆரம்பத்தில் உபேந்திர பஞ்சரின் வழியில் அலங்காரம் நிறைந்த பழைய நடையில் எழுதிப் பார்த்தார். ராதாநாத் ராயின் புதுக் காவியங்களைப் படித்த பிறகு நடையை மாற்றிக்கொண்டார். ‘கீசக வத’, ‘இந்துமதி’, ‘பிரணய வல்லரி’ என்று காவியங்கள் வந்தன. உச்சம் ‘தபஸ்வினி’. ராமன் கைவிட்ட பிறகு வால்மீகியின் ஆசிரமத்தில் வாழும் சீதையின் கதை அது. பெரும்பாலான ராமகதைகள் பட்டாபிஷேகத்தோடு மூச்சு வாங்கிக்கொள்ளும் இடத்தைத் தாண்டி, யாரும் அதிகம் தங்காத இடத்தில் இவர் பதினொரு சர்க்கங்கள் தங்கினார். ஆறும் மரமும் காற்றும் அங்கே சீதையின் உறவுக்காரர்கள். பொழுது புலரும் பகுதியில் உஷை ஒரு தோழியாக ஆசிரமத்துக்கு வந்து சீதையை எழுப்புகிறாள். ஒடியா பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த பகுதி அது. அரசகுலத்துப் பெண் ஒருத்தி எல்லாம் இழந்த பிறகு அவளை நிமிர்ந்து உட்காரவைத்தவர் முப்பது ரூபாய்ச் சம்பளக்காரர். இதற்காகவே அவர் பெயரில் எத்தனை விருது வைத்தாலும் தகும் என்று நினைக்கிறேன். ‘ஸ்வபாவ கவி’ என்று மக்கள் அவரை அழைத்தார்கள். 1924 ஏப்ரல் 4 அன்று மறைந்தார்.

ஊர் அவரை மறக்கவில்லை. 1944-இல் தொடங்கிய சம்பல்பூர் கல்லூரிக்கு 1949-இல் கங்காதர் மெஹெர் கல்லூரி என்று பெயர் மாற்றினார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் பெயரில் பட்டப்படிப்புக் கல்லூரி. 2015-இல் அது தனிப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. இதற்கிடையில் 1966-இல் சட்டம் நிறைவேறி, 1967 ஜனவரியில் சம்பல்பூர் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது. மகாநதியில் ஹிராகுட் அணை கட்டப்பட்டிருக்கும் இடத்துக்கு அருகே, பூர்லாவில் ‘ஜோதி விஹார்’ என்ற வளாகம் அதற்கு அமைந்தது. மேற்கு ஒடிசாவின் பிள்ளைகள் உயர்படிப்புக்குக் கடற்கரைப் பக்கம் போகவேண்டாம் என்பது அதன் முதல் நோக்கம்.

அந்தப் பல்கலைக்கழகம் தங்கள் மண்ணின் கவிஞர் பெயரில் கவிதைக்கு விருது வைக்க முனைந்தபோது, அதை ஒடியாவுக்கு மட்டும் என்று வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. வட்டாரப் பெருமைக்கு அது போதும். ஆனால் ஒடியா எழுத்துக்கு சாரளா விருது போன்றவை ஏற்கெனவே இருந்தன. ஞானபீடம் 1965 முதல் எல்லா மொழிகளையும் எல்லா இலக்கிய வகைகளையும் பார்த்துவந்தது. அன்று பக்கத்து மாநிலமாக இருந்த மத்தியப் பிரதேசத்தின் அரசு கபீர் சம்மானை இந்திய மொழிக் கவிதைக்கென்றே வழங்கிவந்தது. பூர்லாவில் இருந்தவர்கள் கவிதையை மட்டும் எடுத்துக்கொண்டு, மொழி எதுவாகவும் இருக்கட்டும் என்று வைத்தார்கள். தலைநகரத்து அகாதெமியும் செல்வந்தர் அறக்கட்டளையும் செய்யும் வேலையை ஓர் அணைக்கட்டு ஊரின் பல்கலைக்கழகம் தோளில் ஏற்றிக்கொண்டதை நான் துணிச்சல் என்றே சொல்வேன்.

அதில் சிரமமும் உண்டு. மலையாளக் கவிதையை பூர்லாவில் எடைபோட வேண்டுமானால் யாரோ அதை மொழிபெயர்த்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு இல்லாத நல்ல கவிஞர் இப்படிப்பட்ட விருதுகளின் கண்ணில் படாமலே போகலாம். எல்லா மொழிக்கும் பொதுவான எந்தப் பரிசுக்கும் உள்ள ஊனம் இது. ஒடியாவுக்கும் மற்ற மொழிகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்கள் பெருகினாலொழிய அது தீராது. பல்கலைக்கழகங்களால் அவர்களை உருவாக்க முடியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மலையாளத்தின் அய்யப்ப பணிக்கரும் கே. சச்சிதானந்தனும் இந்த விருதைப் பெற்றவர்கள். இருவரும் ஆங்கிலப் பேராசிரியர்கள், கவிதையைத் தாய்மொழியில் எழுதியவர்கள். கட்டாக்கைச் சேர்ந்த ஜயந்த மகாபாத்ரா நேர்மாறு: ஒடிசாவின் வறட்சியையும் கோயிலையும் ஆற்றையும் ஆங்கிலத்தில் எழுதியவர், 1981-இல் ஆங்கிலக் கவிதைக்கு முதன்முதலாக சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். அவருக்கும் கங்காதர் விருது போனது. அவர் இயற்பியல் ஆசிரியர். பாடம் நடத்திய அரசுக் கல்லூரிகளில் சம்பல்பூரின் கங்காதர் மெஹெர் கல்லூரியும் ஒன்று. ஆங்கிலத்தில் பெயர் நிலைத்த பிறகு அவர் ஒடியாவிலும் கவிதை எழுதினார்.