லேசரா, ரெட் டாட்டா? சிறு ரைஃபிளுக்கு ஏற்ற குறிகாட்டி

அமெரிக்கக் கிராமப்புறங்களில் வளர்ந்த பலர் கையில் எடுத்த முதல் துப்பாக்கி .22 ரைஃபிள்தான். 1964இல் வந்த ரூகர் 10/22 அவற்றில் மிகப் பரவலானது. ஆலையிலிருந்து வரும் சாதாரண கார்பைன் வகையில் குழல் நுனியில் ஒரு சிறு மணியும், பின்னால் மடக்கக்கூடிய ஒரு வெட்டுத் தகடும் இருக்கும். தகடு, மணி, இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் ஆகாது. நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தகடு மங்கிப்போகும். அப்போதுதான் வேறு குறிகாட்டி தேடிக் கடைக்குப் போகிறார்கள். கட்டைவிரல் அளவு லேசர் ஒன்றும், அதே அளவு ரெட் டாட் ஒன்றும் அருகருகே வைக்கப்பட்டிருக்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு.

லேசர் தன் ஒளியை வெளியே அனுப்பி இலக்கின் மேலேயே புள்ளி வைக்கிறது. ரெட் டாட் எதையும் வெளியே அனுப்புவதில்லை. உள்ளே இருக்கும் சிறு எல்இடி விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டுச் சுடுபவரின் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. அதனால் புள்ளி இலக்கின் தொலைவிலேயே மிதப்பதுபோல் தோன்றும். இரு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டே குறி பார்க்கலாம். ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1970களின் நடுவில் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

வெயிலில் வைத்துப் பார்த்தால் முதல் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். நடுப்பகலில் சிவப்பு லேசரின் புள்ளி கொஞ்ச தூரத்திலேயே கரைந்து காணாமல் போகும். பச்சை லேசர் இதில் நிச்சயம் மேல். மனிதக் கண் பகலொளியில் 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சையைத்தான் அதிகம் உணர்கிறது. ஒரே திறனுள்ள 650 நானோமீட்டர் சிவப்பைவிட 520 நானோமீட்டர் பச்சை ஆறு மடங்குக்கு மேல் பிரகாசமாகத் தெரியும். பழைய பச்சை லேசர்கள் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் படிகத்தின் வழியே 532 ஆக்கின. குளிரில் அவை தடுமாறும். நேரடி டயோடில் இயங்கும் 520 நானோமீட்டர் வகையில் அந்தத் தொல்லை குறைவு. லேசர்தான் வேண்டும் என்றால் இந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆனாலும் 50 கஜத்தில், சுள்ளென்ற வெயிலில், பச்சைப் புள்ளியையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரெட் டாட்டில் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் போதும்.

இதைவிட முக்கியமானது குண்டு போகும் பாதை. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. ரெட் டாட் குழலுக்கு மேலே உட்காருகிறது; சிறு லேசரைப் பெரும்பாலும் குழலுக்குக் கீழே மாட்டுகிறோம். நொடிக்கு 1200 அடி வேகத்தில் கிளம்பும் சாதாரண .22 குண்டை எடுத்துக்கொள்வோம். ரெட் டாட் ஒன்றரை அங்குலம் மேலே இருந்து, 50 கஜத்துக்குச் சரிசெய்யப்பட்டால், குண்டு கீழிருந்து ஏறிவந்து 25 கஜ அளவில் பார்வைக் கோட்டைத் தொடுகிறது. 50இல் மறுபடி தொடுகிறது. இடையில் கால் அங்குலத்துக்கு மேல் விலகுவதில்லை. 75 கஜத்தில் சுமார் இரண்டு அங்குலம் தாழும். அதே ஒன்றரை அங்குலம் கீழே லேசரை மாட்டி, அதே 50 கஜத்துக்குச் சரிசெய்தால், 25 கஜத்தில் குண்டு புள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் மேலே படும். 75இல் மூன்றரை அங்குலம் கீழே விழும். கீழே இருக்கும் லேசரின் கோட்டைக் குண்டு ஒரே ஒருமுறைதான் சந்திக்கிறது. அணிலைக் குறிவைப்பவருக்கு ஒன்றரை அங்குலம் என்பது தலைக்கும் வெற்றுக் கிளைக்கும் உள்ள தூரம்.

மாட்டும் வேலைக்கு வருவோம். மேகசினைக் கழற்றி, குழலின் தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதிசெய்த பிறகே திருகுளியை எடுக்க வேண்டும். 10/22இன் ரிசீவரில் (இயங்குபாகங்கள் உள்ள உடலில்) மேலே நான்கு திருகுத் துளைகள் தயாராக இருக்கும். அங்கே ஒரு ரெயிலைப் பொருத்தி ரெட் டாட்டை வைப்பது எளிது. ரெயிலில் கவனம் தேவை. வீவர் வகையின் பள்ளம் 4.57 மி.மீ., பிக்காட்டினியின் பள்ளம் 5.23 மி.மீ. வீவருக்குச் செய்த பொருள் பிக்காட்டினியில் உட்காரும். பிக்காட்டினிக்குச் செய்தது வீவரில் பல நேரம் நுழையாது. உட்கார்ந்ததும் குறிகாட்டியை முன்பக்கமாகத் தள்ளி, பள்ளத்தின் சுவரோடு ஒட்டவைத்துப் பிறகு திருகை இறுக்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். குறிகாட்டி முன்னால் நழுவப் பார்க்கும். திருகில் நீலநிறத் திருகுப்பசை ஒரு சொட்டு போதும்.

லேசருக்கு இடம் தேடுவதுதான் சிரமம். முன்கட்டையில் ரெயில் அடித்து மாட்டினால், கட்டை ஈரத்தில் உப்பும்போதும், கையால் அழுத்தும்போதும், குழல் இருக்கும் திசைக்கும் லேசர் காட்டும் திசைக்கும் உறவு அறுந்துபோகும். குழலிலேயே கவ்வும் பிடி இதைவிட நம்பகமானது. பிரித்து எடுத்துச் செல்லும் டேக்டவுன் வகையில் இது இன்னும் முக்கியம்: அங்கே குழலும் ரிசீவரும் ஒவ்வொரு முறையும் பிரிந்து சேர்வதால், குழலில் மாட்டியதுதான் குறி மாறாமல் நிற்கும். எதை வாங்கினாலும், குறிகாட்டியைக் கழற்றாமலே பேட்டரி மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழற்றினால் மறுபடி குறி சரிபார்த்தாக வேண்டும். பேட்டரியும் லேசரில் மணிக்கணக்கில்தான் வரும். நல்ல ரெட் டாட்டில் ஆண்டுக்கணக்கில் வரும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். சில அமெரிக்க மாநிலங்களில் விலங்கின் மேல் ஒளி பாய்ச்சி வேட்டையாடத் தடை உண்டு. வேட்டைக்கு முன் அந்தந்த மாநில விதியைப் படிக்க வேண்டும். விமானத்தை நோக்கி லேசர் காட்டுவது 2012 முதல் ஐந்தாண்டு சிறை வரை போகக்கூடிய கூட்டாட்சிக் குற்றம்.

இவ்வளவுக்குப் பிறகும் லேசரை ஒதுக்க எனக்கு மனமில்லை. கழுத்து திரும்பாதவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கட்டையில் கன்னம் பதிக்க இயலாதவர் ஆகியோருக்கு அது பெரிய உதவி. பயிற்சியிலும் அதற்கு நிகரில்லை. தோட்டா இல்லாமல் 10/22இன் விசையை இழுத்துப் பழகலாம் என்று ரூகரின் கையேடே அனுமதிக்கிறது. மங்கிய அறையில், பாதுகாப்பான சுவரில் ஒரு தாளை ஒட்டி, விசையை இழுக்கும்போது புள்ளியைப் பாருங்கள். விரல் பக்கவாட்டில் தள்ளினால் புள்ளி துள்ளும். மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கும். இந்தப் பிழைகளை ரெட் டாட் சுடுபவருக்கு மட்டும் காட்டும். லேசர் பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கும் காட்டும்.

ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது, பகலில் 25 முதல் 75 கஜத்துக்குள் சுடப்போகிறீர்கள் என்றால், ரிசீவர் மேல் தாழ்வாக உட்காரும் 2 எம்ஓஏ அளவுச் சிறு புள்ளியுள்ள ரெட் டாட்டை வாங்குங்கள். பச்சை லேசர் இரண்டாவதாக, பயிற்சிக்காக வரட்டும்.