சவர்க்காரமும் கடற்பறவையும்

1971ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாயிலில், மூடுபனியிடையே இரு எண்ணெய்க் கப்பல்கள் மோதின. ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் கரிய எண்ணெயில் தோய்ந்து கரையொதுங்கின. எண்ணெய் படிந்த இறகு நீரைத் தடுக்கும் ஆற்றலை இழந்துவிடும். பறவை குளிரால் நடுங்கும். அலகினால் இறகைக் கோதுங்கால் நஞ்சையும் உட்கொள்ளும். அவற்றைக் கழுவும் முறையறியாது தவித்த தொண்டர்கள் அவ்வாண்டிலேயே மீட்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். பல பொருள்களைச் சோதித்து 1978இல் அவர்கள் தெரிந்தெடுத்தது, சமையற் பாத்திரம் கழுவும் 'டோன்' என்னும் திரவச் சவர்க்காரம்.

அதனை ஆக்கிய புறொக்டர் அன்ட் காம்பிள் கும்பனி சவர்க்காரத்தை இலவசமாகவே வழங்கிற்று. இது மெய்யான உதவி, மறுப்பது நன்றன்று. 2009இல், போத்தல் ஒன்றுக்கு ஒரு டொலர் வீதம் 5 இலட்சம் டொலர் வரை கொடுப்போமென விளம்பரமும் செய்தது. ஆயின் வாங்கினால் மட்டும் போதாது. வாங்கியவர் இணையத்தளத்திற் பதிவுசெய்தாற்றான் அந்த டொலர் சேரும்!

2010 ஏப்பிரல் 20ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளர் மாண்டனர்; 87 நாள் எண்ணெய் பெருகிற்று. கிணற்றுக்குரிய பிபி கும்பனி தொலைக்காட்சி விளம்பரங்களுக்குப் பெரும்பணம் செலவிட்டது. மீனவருக்குரிய நட்டஈட்டிற் சில்லறை பார்த்தல் ஆகாதென, சனாதிபதி ஒபாமா அப்போது கடிந்துரைத்தார்.

இவ்விரு விளம்பரங்களையும் ஒரே தராசில் இடல் தகாதென்பது என் கருத்து. சவர்க்காரக் கும்பனி அக்கடலைக் கெடுக்கவில்லை. ஆயினும் பறவையைக் கழுவும் அச்சவர்க்காரத்திலும் பெற்றோலியத்திலிருந்து பெறும் பொருளுண்டென்பதை அதன் விளம்பரம் சொல்லவில்லை.