லைன் சிங் பாங்தேல்

லைன் சிங் பாங்தேல் (1919–2002) டார்ஜிலிங் மலையில் பிறந்த ஓவியர், நேபாளி மொழி நாவலாசிரியர், கலை வரலாற்று ஆய்வாளர். நேபாளத்தில் நவீன ஓவியம் காலூன்றக் காரணமானவர்களைச் சொல்லும்போது முதலில் வரும் பெயர் இவருடையது. காத்மாண்டு பள்ளத்தாக்கில் திருடுபோன சிலைகளைப் புகைப்படச் சான்றோடு பதிவு செய்து 1989இல் இவர் வெளியிட்ட நூல், இவர் மறைந்த பிறகும் தெய்வங்களை ஊர் திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறது. நேபாள எல்லைக்கு வெளியே பிறந்து, நாற்பது வயதைக் கடந்த பின்னரே அந்த நாட்டில் குடியேறியவர் இந்த வேலையைச் செய்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இவருடைய வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளை

பாங்தேலின் முன்னோர் கிழக்கு நேபாளத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக டார்ஜிலிங் வந்த ராய் இனத்தவர். ஆங்கிலேயர் அந்த மலையில் தேயிலை பயிரிடத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். காடு வெட்டவும் கொழுந்து பறிக்கவும் ஆட்கள் எல்லை தாண்டி வந்தார்கள். இலங்கை மலையகத்துக்கும் வால்பாறைக்கும் மூணாறுக்கும் ஆள் அனுப்பிய தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையை விளக்கவே தேவையில்லை. இங்கே கங்காணி, அங்கே சர்தார். பெயர்தான் வேறு.

ராய், லிம்பு, தமாங், நேவார் எனத் தனித்தனித் தாய்மொழிகளோடு வந்தவர்களுக்கு டார்ஜிலிங்கில் நேபாளி பொதுமொழி ஆனது. நேபாளி சாகித்ய சம்மேளனம் 1924இல் அங்கே தொடங்கப்பட்டது. அப்போது நேபாளத்தை ஆண்ட ராணா குடும்பத்தின் ஆட்சியில் காத்மாண்டில் அச்சுக்கும் பேச்சுக்கும் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. நேபாளி இலக்கியத்தின் பெரும்பகுதி இந்திய மண்ணில் வளர்ந்ததற்கு அதுவே காரணம். இந்திய அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் அந்த மொழிக்கு இடம் கிடைக்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கல்கத்தா

ஓவியம் படிக்க மலையிறங்கிக் கல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்த பாங்தேல் 1945இல் படிப்பை முடித்தார். நடுவில் வந்தது 1943இன் வங்கப் பஞ்சம். கிராமங்களிலிருந்து சோறு தேடி நடந்து வந்தவர்கள் நகரத்து நடைபாதைகளில் விழுந்து செத்தார்கள். அந்தக் கல்லூரியில் அப்போது ஆசிரியராயிருந்த ஜைனுல் ஆபேதீன் அவர்களைக் கரிய மையில் வரைந்த சித்திரங்கள் உலகப் புகழ் பெற்றவை. மாணவரான பாங்தேலும் அதே தெருக்களில் நடந்தவர்தான். பிச்சை எடுப்போர், சுமை தூக்குவோர், வீடில்லாதோர் என்று இவர் ஓவியத்திலும் எழுத்திலும் திரும்பத் திரும்ப வரும் மனிதர்கள் அங்கே கண்ணில் பட்டவர்களாகவே இருக்க வேண்டும்.

அடுத்த சில ஆண்டுகளில் மூன்று நாவல்கள் எழுதினார்: ‘முலுக் பாஹிர’, ‘மாய்தீகர்’, ‘லங்கடாகோ சாதி’. முதல் தலைப்புக்கு ‘நாட்டுக்கு வெளியே’ என்று பொருள். பிழைப்புக்காக எல்லை கடந்து வந்த நேபாளிகளின் பாடு அதில் கதையானது. மாய்தீகர் என்றால் பெண்ணின் பிறந்த வீடு. கடைசி நாவல் கால் ஊனமான பிச்சைக்காரர் ஒருவருக்கும் ஒரு நாய்க்கும் உள்ள நட்பைச் சொல்கிறது. ராஜா ராணிக் கதையும் நீதிக் கதையும் கோலோச்சிய நேபாளி உரைநடைக்குள் கூலிக்காரரின் அன்றாடத்தைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவராக இலக்கிய வரலாறு இவரை மதிக்கிறது. தமிழில் தேயிலைத் தோட்ட நாவலான ‘எரியும் பனிக்காடு’ வாசித்தவர்களுக்கு, பிறந்த ஊர் ஒன்றும் பிழைக்கும் ஊர் ஒன்றுமாக வாழ்வு இரண்டாகக் கிழிவதன் வலி புதிதல்ல.

லண்டனும் பாரிஸும்

1952இல் ஐரோப்பா சென்றார். பாரிஸின் எகோல் தே போஸார் கலைப்பள்ளியில் படித்தார். பிறகு லண்டனில் வாழ்ந்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1954இல், சென்னைக் கலைப்பள்ளியின் கே.சி.எஸ். பணிக்கரும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போய் வந்தார். மேற்கில் பார்த்ததை அப்படியே பின்பற்றுவதா, ஊரில் இருப்பதை வைத்தே புதிதாக ஏதாவது செய்வதா என்பது இருவருக்கும் பொதுவான கேள்வி. பணிக்கர் எழுத்துருக்களையும் ஜாதகக் கட்டங்களையும் எடுத்துக்கொண்டார். பாங்தேல் இரண்டு வழிகளில் போனார். ஒன்று, இமயத்தை மலை என்ற உருவம் கரைந்துபோகும் அளவுக்கு வண்ணத் தளங்களாக்கிய அரூப ஓவியம். மற்றொன்று, பிக்காஸோவின் நீலக் காலத்தை நினைவூட்டும் துயர மனிதர்கள்.

இரண்டாவது வழியின் உச்சம் 1959இல் வரைந்த ‘முனா மதன்’. லட்சுமி பிரசாத் தேவகோட்டாவின் அதே பெயருள்ள காவியத்தில், மதன் மனைவி முனாவை விட்டுவிட்டுப் பொருள் தேடி லாசாவுக்குப் போகிறான். திரும்பி வரும்போது அவள் உயிரோடு இல்லை. நேபாளிகள் மனப்பாடமாய்ப் பாடும் கதை. பாங்தேல் அதை நீலத்தில் முக்கியெடுத்தார். தேவகோட்டா மறைந்ததும் அதே ஆண்டில்தான். அதுவரை நேபாளத்தில் குடியிருந்திராதவர் அந்த நாட்டின் பிரிவுத் துயருக்கு முகம் கொடுத்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. பிரிந்து போனவர்களின் வம்சத்தில் வந்தவர் அவர்.

காத்மாண்டு

மன்னர் மகேந்திராவின் அழைப்பை ஏற்று 1961இல் காத்மாண்டில் குடியேறினார். அடுத்த ஆண்டு அங்கே நடந்த இவருடைய தனிநபர் கண்காட்சி, அரூப ஓவியத்தை நேபாளப் பார்வையாளர் முன் வைத்தது. பௌபா என்னும் திரைச்சீலைத் தெய்வ ஓவியங்களும் ராணாக்களின் ஆளுயரப் படங்களும் பழகிய கண்களுக்கு அது புதுச் சங்கதி. அரச நேபாளக் கலைக்கழகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, துணைவேந்தராகவும் பின்பு வேந்தராகவும் உயர்ந்தார். 1968–69இல் ஃபுல்பிரைட் திட்டத்தின் கீழ் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டெனிசன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார்.

இவருடைய இரண்டாவது வாழ்க்கை காத்மாண்டுத் தெருக்களில் தொடங்கியது. அந்தப் பள்ளத்தாக்கில், பழங்கால லிச்சவி மன்னர்களின் காலத்துச் சிற்பங்கள் பல அருங்காட்சியகத்துக்குள் இல்லை. தண்ணீர்த் துறையில், அரசமரத்தடியில், வீட்டு முற்றத்தில், குங்குமமும் அரிசியும் அப்பியபடி நிற்கின்றன. பாங்தேல் கேமராவோடு அவற்றைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். பதிவு செய்த சிலையைப் பார்க்க மறுபடி போனால் சில இடங்களில் பீடம் மட்டும் இருந்தது. நேபாளம் வெளிநாட்டவருக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, குறிப்பாக 1970களிலும் 1980களிலும், சிலைத் திருட்டு பெருகியிருந்தது.

முதலில் ‘நேபாளத்தின் தொன்மைச் சிற்பங்கள்’ (1982) என்ற ஆய்வு வந்தது. 1989இல் ‘நேபாளத்தின் திருடப்பட்ட சிலைகள்’. இரண்டும் ஆங்கில நூல்கள். இரண்டாவதில் விவரிப்பு குறைவு, படங்களே பேசுகின்றன: சிலை தன் இடத்தில் இருந்தபோது எடுத்தது, அது போன பின் வெறிச்சோடிய மாடம். எந்த ஊர், எந்தத் தெரு, எப்போது காணாமல் போனது என்ற குறிப்பு. வாங்கியவர் எந்தக் கதை சொன்னாலும் எதிரே நிற்கும் சாட்சி அது. 1990இன் மக்கள் இயக்கத்தைத் தொடர்ந்து ஜனநாயகப் போராட்டத்தை ஓவியமாக்கிய பாங்தேல், 1995இல் பள்ளத்தாக்கின் கற்சிற்பங்களுக்கு முழுமையான பட்டியல் நூல் ஒன்றையும் கொடுத்தார். 2002இல் காலமானார். மகள் தீனா பாங்தேலும் நேபாளக் கலை வரலாற்றில் பெயர் பெற்ற ஆய்வாளர்; 2017இல் மறைந்தார்.

திரும்பிய தெய்வங்கள்

பாங்தேலின் நூல் சான்றாக நின்றதால் 1999இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து நான்கு சிற்பங்கள் நேபாளம் திரும்பின. அதைவிடப் பெரிய செய்தி காத்மாண்டு பள்ளத்தாக்கின் படான் நகரத்து லட்சுமி நாராயணர். சிவனும் சக்தியும் ஓருடலான அர்த்தநாரியைத் தமிழர் அறிவர். இது வைணவத்தின் அர்த்தநாரி: வலப்பாதி திருமால், இடப்பாதி திருமகள், மார்பின் ஒரு பக்கம் மட்டும் பெண்மை. படானின் பட்கோ தோல் பகுதியில் பூசையிலிருந்த இந்தச் சிலை 1984இல் திருடப்பட்டது. 1990இல் நியூயார்க்கில் சோதபி நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்து, டாலஸ் கலை அருங்காட்சியகத்தில் முப்பது ஆண்டுகள் காட்சிப்பொருளாக இருந்தது. ஊரார் அதன் இடத்தில் பிரதி ஒன்றை வைத்து வழிபட்டு வந்தார்கள். டாலஸில் இருந்த சிலையை அமெரிக்கக் கலைஞர் ஜாய் லின் டேவிஸ் அடையாளம் கண்டார். 2019இல் பேராசிரியர் எரின் தாம்சன் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். சிலை படானில் இருந்ததற்கான சான்று பாங்தேலின் நூலில் முன்பே அச்சாகியிருந்தது. 2021 மார்ச்சில் நேபாளத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் ஊரார் சூழ்ந்து நிற்கத் தன் கோயிலுக்கே வந்து சேர்ந்தது.

சிலைகளைப் படமெடுத்துப் பதிவு செய்யும் இந்த வேலையைத் தமிழ்நாட்டில் செய்து வைத்தது பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் அது எடுத்த படங்கள் லட்சத்துக்கும் மேல். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் நடராஜரை அதன் ஆட்கள் 1990களில் படமெடுத்திருந்தார்கள். 2006இல் திருடுபோன அந்த நடராஜர் சென்னையிலிருந்து கடல் கடந்தது. கைவினைப் பொருள் என்று காகிதத்தில் எழுதிவிட்டால், ராயபுரத்தை ஒட்டிய துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே சோழர் கால வெண்கலத்தை யார் பிரித்து அறிவது? 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. பழைய படம் பொருந்தியது. 2014இல் நடராஜர் இந்தியா திரும்பினார். ஆனால் பட்கோ தோலில் நடந்தது இங்கே நடக்கவில்லை. ஸ்ரீபுரந்தானின் கருவறைக்குப் போகாமல், கும்பகோணத்தில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் அவர் கொண்டுசெல்லப்பட்டார்.