செவ்வாயில் உயிர் தேடும் ‘ராமன் விளைவு’: திருவானைக்காவலில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு அங்கே என்ன செய்கிறது?

செவ்வாய் கிரகத்தில் எப்போதாவது உயிர் இருந்ததா? இதைத் தேடும் நாசாவின் ரோவர், திருச்சிக்காரரான சர் சி.வி. ராமனின் கண்டுபிடிப்பையும் பயன்படுத்துகிறது. எப்படின்னு பார்ப்போம்.

பூமிக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

இங்கே தண்ணீர் தண்ணீராகவே நிற்கிறது. பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியஸ்.

வெள்ளி கிட்டத்தட்ட பூமி அளவுதான். ஆனால், வெப்பம் 460 டிகிரிக்கு மேல். ஈயமே உருகிவிடும். காற்றழுத்தமோ சுமார் 90 மடங்கு.

செவ்வாய் இதற்கு நேர்மாறு. சராசரி மைனஸ் 60 டிகிரி. காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவீதம்கூட இல்லை. தரையில் தண்ணீர் ஊற்றினால் உறைந்துவிடும், இல்லைன்னா ஆவியாகிவிடும்.

அப்போ ஏன் செவ்வாயில் தேடுகிறார்கள்?

சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆறு ஓடியது. ‘ஜெசீரோ’ என்ற சுமார் 45 கி.மீ. அகலப் பள்ளம் அப்போது ஏரி. காவிரி தஞ்சைப் பக்கம் வண்டலைக் கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி, அங்கேயும் ஒரு ஆறு டெல்டாவை உருவாக்கியது. உயிர் இருந்திருந்தால், அதன் தடயம் அந்த வண்டலில் சிக்கியிருக்கலாம். அதனால்தான் 2021 பிப்ரவரி 18-ல் ‘பெர்சிவரன்ஸ்’ ரோவர் அங்கே இறங்கியது.

இதில் ராமன் எங்கே வருகிறார்?

ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில், பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ல் பிறந்தவர் ராமன். 1928 பிப்ரவரி 28-ல் கொல்கத்தாவில் அவர் கண்டறிந்ததுதான் ‘ராமன் விளைவு’. 1930-ல் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது.

விஷயம் இதுதான்: ஒரு பொருள்மீது ஒளி பட்டால், பெரும்பகுதி அதே நிறத்தில் சிதறும். கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் நிறம் லேசாக மாறும். அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். கைரேகை மாதிரி!

ரோவரின் கையில் உள்ள ‘ஷெர்லாக்’ கருவி, பாறைமீது புறஊதா லேசரைப் பாய்ச்சி இந்தக் கைரேகையைப் படிக்கிறது. பாறையை உடைக்கவே வேண்டாம். தலைப்பகுதியில் உள்ள ‘சூப்பர்கேம்’ தூரத்தில் இருந்தே பச்சை லேசரால் இதைச் செய்கிறது.

கிடைத்தது என்ன?

2024 ஜூலையில், ஜெசீரோவுக்குள் பாய்ந்த பழைய ஆற்றுப்பாதையில் ‘சேயாவா ஃபால்ஸ்’ என்ற பாறை சிக்கியது. அதில் சிறுத்தைப் புள்ளி போன்ற தடங்கள். கரிமச் சேர்மங்கள் இருப்பதை ஷெர்லாக் காட்டியது. மற்றொரு கருவி அந்தப் புள்ளிகளில் இரும்பும் பாஸ்பேட்டும் இருப்பதைக் கண்டது. பூமியில் நுண்ணுயிர்கள் வாழும் சேற்றிலும் இப்படி நடப்பதுண்டு. 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை இதை ‘உயிர்த் தடயமாக இருக்கலாம்’ என்றது.

அப்போ உயிர் உறுதியா?

இல்லை. உயிரே இல்லாமல், வெறும் வேதிவினையாலும் இந்தப் புள்ளிகள் உருவாகலாம். எது சரி என்று அங்கிருந்தே சொல்ல ரோவரின் கருவிகள் போதாது. அந்தப் பாறையில் துளையிட்டு எடுத்த மாதிரி, ஒரு குழாயில் பத்திரமாக மூடி வைக்கப்பட்டிருக்கிறது. அது பூமியின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தால்தான் பதில் கிடைக்கும்.