நாசிக்கில் அச்சான நாடு

நாசிக் ரோட்டில் 1925-ல் தொடங்கப்பட்ட இந்தியப் பாதுகாப்பு அச்சகம் நூறாண்டைத் தொட்டுவிட்டது. அதற்கு முன் நம் அஞ்சல்தலைகள் கப்பலில் வந்தன. 1854-ல் இந்தியா முழுமைக்குமான முதல் தலைகளைக் கல்கத்தாவில் கல்லச்சில் அடித்தார்கள். மறு ஆண்டே அந்த வேலை லண்டன் டி லா ரூ நிறுவனத்துக்குப் போய், எழுபது ஆண்டுகள் அங்கேயே இருந்தது. 1926-ல் நாசிக் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. அச்சடித்த ஊர்தான் மாறியது. தலையில் இருந்தவர் அதே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர்.

மன்னரின் வெள்ளி விழாவுக்காக 1935-ல் வெளிவந்த வரிசையைச் சேகரிப்பாளர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். மன்னர் தலைக்குப் பக்கத்தில் தாஜ் மகாலும் அமிர்தசரஸ் பொற்கோயிலும் இடம்பெற்றன. ஓரணாத் தலையில் இராமேசுவரம் கோயில். எட்டணாத் தலையில் இருந்ததோ மாண்டலே புத்த கோயில்! பர்மா அப்போது இந்தியாவோடு சேர்ந்திருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது தனியானது. ஒரு நாடு தன்னை எதுவரை என்று நினைத்தது என்பதற்கு அந்த எட்டணாத் தலையே சாட்சி.

விடுதலை இந்தியாவின் முதல் தலை 1947 நவம்பர் 21-ல் வந்தது. மூன்றரை அணா; மூவர்ணக் கொடி; ஓரத்தில் நாகரியில் 'ஜெய் ஹிந்த்'. அது வெளிநாட்டுக் கடிதங்களுக்கானது. அடுத்த மாதம் வந்த ஒன்றரை அணாத் தலையில் அசோகரின் சிங்கத் தூண், அது உள்நாட்டுக்கு. உலகத்துக்குக் கொடியையும் சொந்த மக்களுக்குச் சிங்கங்களையும் காட்டி அறிமுகம் செய்துகொண்டது புதிய அரசு.

1948 ஆகஸ்ட் 15-ல் காந்தியடிகளுக்கு நான்கு தலைகள் வெளியாயின. 'பாபு' என்று நாகரியிலும் உருதுவிலும் எழுதப்பட்டிருந்தது. பிரிவினையின் காயம் ஆறாத நேரத்தில் அந்த இரண்டு எழுத்தும் அருகருகே நின்றது தற்செயல் அல்ல. ஆனால் சுதேசியம் பேசியவரின் தலைகள் அச்சானது சுவிட்சர்லாந்தில்! அன்று நாசிக்கில் அந்தத் தரமான போட்டோகிராவூர் அச்சு வசதி இல்லை. அது 1952-ல்தான் வந்தது. கபீர், துளசிதாசர், மீரா, சூர்தாசர், காலிப், தாகூர் ஆகிய அறுவர் வரிசை அந்த ஆண்டு அங்கே அச்சானது. இந்து, முஸ்லிம், வங்கம், ராஜஸ்தான் என்று எண்ணிப் பார்த்தே பட்டியல் போட்டது தெரிகிறது.

விழாத் தலைகளைவிட, ஆண்டுக்கணக்கில் கவுண்டரில் விற்கும் அன்றாடத் தலைகளே, சேகரிப்பாளர் மொழியில் டெபினிட்டிவ்களே, நாட்டின் முகத்தை உண்மையாகச் சொல்கின்றன. விழாத் தலை ஆல்பத்துக்குப் போகும். அன்றாடத் தலை கடிதத்தில் ஒட்டி கிராமத்துத் திண்ணை வரை போகும். 1949-ல் அப்படி வந்த தொல்லியல் வரிசையில் இரண்டணாவுக்கு நடராசர், மூன்றணாவுக்குச் சாஞ்சி, ஐந்து ரூபாய்க்குத் தாஜ் மகால், பத்து ரூபாய்க்குக் குதுப் மினார். ஓரணாப் போதிசத்துவர் மட்டும் இடவலம் மாறி அச்சாகிவிட்டார். 1950-ல் திருத்தி அடித்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால், நீட்டிய கை பக்கம் மாறியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

1955-ல் சிலைகளும் கோபுரங்களும் விலகின. டிராக்டர், தாமோதர் பள்ளத்தாக்கு அணை, சித்தரஞ்சன் ரயில் என்ஜின் ஆலை, பெங்களூர் விமானத் தொழிற்சாலை ஆகியவை வந்தன. கூடவே ராட்டை சுற்றும் பெண்ணும் இருந்தாள்! ஐந்தாண்டுத் திட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கவில்லை. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபோது தலையில் வெறும் வரைபடம்தான். புதுக்காசும் நாட்டின் எல்லைக்கோடும் ஒரே நாளில் மக்கள் கைக்கு வந்தன.

அவசரமும் தலையில் பதிந்திருக்கிறது. வங்கதேச அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் கடிதங்களுக்கு ஐந்து பைசா கூடுதலாக ஒட்டச் சொன்னார்கள். தனித் தலை தயாராகும் வரை, கையிருப்பிலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் தலைகளின் மேலேயே அகதிகள் நிவாரணம் என்று அடித்து விற்றார்கள். ஊருக்கு ஊர் அந்த எழுத்தின் அச்சு வேறுபடும். கண்காட்சிகளில் இதற்கென்றே தனிச் சட்டம் போடுபவர்கள் உண்டு.

யார் தலையில் ஏறுவது என்பதில் சச்சரவுக்கும் குறைவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்குத் தலை வெளியிடுவதில்லை என்பது பொதுவான மரபு. நூறு வயது கண்ட சமூகச் சீர்திருத்தவாதி கார்வேக்கு 1958-லும், பொறியாளர் விசுவேசுவரய்யாவுக்கு 1960-லும் விதிவிலக்கு கிடைத்தது. அதே 1960-ல் திருவள்ளுவரும் பாரதியும் தலைகளில் வந்தார்கள். 2008-க்குப் பின் வந்த நவீன இந்தியாவை உருவாக்கியோர் வரிசையில் பெரியாரும் ருக்மிணி தேவியும் இருந்தார்கள். 2015-ல் அந்த வரிசை மாற்றியமைக்கப்பட்டது. இந்திரா, ராஜீவ் தலைகள் நிறுத்தப்பட்டன. தீனதயாள் உபாத்யாயா, எம்.எஸ். சுப்புலட்சுமி உள்ளிட்டோர் சேர்ந்தார்கள். ஆட்சி மாறினால் கவுண்டரும் மாறும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம்.

இன்று கடிதம் எழுதுவோர் குறைவு. பார்சல்களில் கணினிச் சீட்டுதான் ஒட்டப்படுகிறது. 2011 முதல் 'மை ஸ்டாம்ப்' திட்டத்தில் யாரும் தம் படத்தையே தலையோடு சேர்த்து அச்சிட்டுக்கொள்ளலாம். எனவே இளைய சேகரிப்பாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: முதல்நாள் உறைகளை மட்டும் வாங்கி அடுக்காதீர்கள். வீட்டுக்கு வரும் கடிதத்தில் ஒட்டியிருக்கும் அன்றாடத் தலையை, முத்திரையும் தேதியும் சிதையாமல், உறையோடு எடுத்து வையுங்கள். நாடு தன்னைப் பற்றி என்ன சொல்ல நினைத்தது என்பது தலையில் இருக்கும். அது யார் கையை எட்டியது என்பதை உறைதான் சொல்லும்.