ஆயிரம் ரூபாய் பென்ஷன்

ஓபியில் ஒரு ஐயா, ரிட்டயர்டு மில் தொழிலாளி. சுகர் 340.

"மாத்திரையைப் பாதி பாதியாத்தான் போட்டேன் டாக்டர். இங்க வர்ற பஸ்ஸுக்குக் காசில்ல."

மாத்திரை இலவசம்தான், பஸ் இல்லையே!

"பென்ஷன் வருமேங்கய்யா?"

"ஆயிரம் ரூவா."

அந்த ஆயிரத்துக்கு ஒரு வரலாறு இருக்குங்க.

1982 டிசம்பர் 17. நகரா வழக்கில் உச்சநீதிமன்றம், ஓய்வூதியம் சலுகையல்ல, உரிமை என்றது. ஆனா அது அரசு ஊழியர்கள் வழக்கு. மில், கம்பெனி ஆட்களுக்கான இபிஎஸ் வந்தது 1995 நவம்பர் 16. முதலாளி கட்டும் பிஎஃப் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33% இதுக்குப் போகும், அதுவும் உச்சவரம்புக்கு உட்பட்டு. முக்கியமா, அகவிலைப்படி கிடையாது.

2014 செப்டம்பரில்தான் குறைந்தபட்சம் 1000 என்று ஆனது. பத்து வருஷம் தாண்டியும் அதே ஆயிரம்.

வழக்கமா ஒரு மாசத்துக்குத்தான் மாத்திரை. ஐயாவுக்கு ரெண்டு மாசத்துக்கு எழுதினேன்.