சேவைச் சங்கமும் உறுப்பினர் பட்டியலும்

பள்ளி திறக்கும் மாதம் வந்தால் நம் சேரிகளுக்குச் சேவைச் சங்கங்கள் வருகின்றன. நோட்டுப் புத்தகம், பள்ளிப்பை, கண் பரிசோதனை முகாம், கடைசியில் ஒரு புகைப்படம். இப்போது படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளையும் உறுப்பினராகச் சேரச் சொல்லி அழைக்கிறார்கள். சேரலாமா? கேள்வி புதிதல்ல. நம் முன்னோர் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள்.

1924 ஜூலையில் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். ஒதுக்கப்பட்டோர் நல சபை என்று பொருள். அதன் வேலைகளைப் பாருங்கள்: சோலாப்பூரில் மாணவர் விடுதி, பம்பாயில் இலவச வாசகசாலை, மகர் இளைஞர்களுக்கு ஹாக்கிக் குழு. இன்று எந்த ஊர்ச் சேவைச் சங்கமும் செய்கிற வேலைகள்தாம். சபையின் தலைவராக இருந்தவர் சாதி இந்துவான சர் சிமன்லால் சீதல்வாட். ஆனால் நிர்வாகக் குழுவின் தலைவர் அம்பேத்கர். பிறர் துணையை அவர் மறுக்கவில்லை. எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் நாற்காலியை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

தமிழகத்திலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1894இல் சென்னையில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். ஆல்காட்டின் துணையை ஏற்ற அயோத்திதாசப் பண்டிதர், இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தம் மக்களின் சங்கமாகவே நடத்தினார். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். நம்மில் ஒருவர் நம் பிள்ளைகளுக்காக எழுப்பிய நிறுவனம் அது.

1932இல் நிலைமை வேறு. பூனா ஒப்பந்தம் முடிந்த சில நாட்களில் தீண்டாமை எதிர்ப்புக்கென ஓர் அகில இந்திய அமைப்பு உருவானது. அதுவே பின்னர் அரிஜன சேவா சங்கம் ஆனது. தலைவர் ஜி.டி. பிர்லா, செயலாளர் ஏ.வி. தக்கர். தொடக்கத்தில் அதன் மையக் குழுவில் அம்பேத்கரும் இருந்தார். அந்த நவம்பரில், லண்டன் செல்லும் கப்பலிலிருந்து, தக்கருக்கு அவர் நீண்ட கடிதம் எழுதினார். தனிமனிதரைத் திருத்தும் வேலையில் பணத்தைக் கரைக்காதீர்கள்; கிணறு, பள்ளி, பொது இடம் ஆகியவற்றில் உரிமைக்காகக் கிராமந்தோறும் போராடுங்கள்; ஊழியர்களை ஒடுக்கப்பட்டோரிடமிருந்தே எடுங்கள் என்பதே அதன் சாரம். கடிதம் கிடைத்தது என்றுகூட அவர்கள் தெரிவிக்கவில்லை என்று 1945இல் வெளிவந்த நூலில் அவர் பதிவு செய்திருக்கிறார்.

சங்கத்தின் நிர்வாகத்தில் இடம் கேட்டுப் போன நம் மக்களுக்குக் காந்தியார் சொன்ன விடையும் அதே நூலில் உண்டு. இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் அவர்களுடையது, ஆகவே நிர்வாகமும் அவர்களுடையதே என்றார். அந்தச் சங்கத்தின் விடுதியிலும் உதவித்தொகையிலும் படித்து முன்னேறியவர்கள் நம்மில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் பெயரால் நடந்த சங்கத்தில் நாம் பயனாளிகள், உறுப்பினர்கள் அல்ல. உதவி கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை.

இது பழங்கதை அல்ல. 2018இல் அவிநாசி வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். அவர் இடமாற்றமும் செய்யப்பட்டார். போராட்டத்துக்குப் பிறகே அது திரும்பப் பெறப்பட்டது. அப்படிப்பட்ட பள்ளிக்குத் தட்டும் டம்ளரும் வாங்கிக் கொடுப்பது எளிது. அங்கே யார் சமைக்கலாம் என்ற சண்டையில் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்பதுதான் சேவை.

எனவே சேருங்கள் என்றே சொல்கிறோம். நம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் வேண்டும், மருத்துவ முகாமும் வேண்டும். ஆனால் சந்தா கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உதவி பெறும் தெருவிலிருந்து எத்தனை பேர் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள்? என்ன தேவை என்று அந்தத் தெருவிடம் கேட்கிறார்களா? பொதுக்குழாயிலோ சுடுகாட்டுப் பாதையிலோ நம்மைத் தடுத்தால் சங்கம் வாய் திறக்குமா? விடை சரியில்லை என்றால், பத்துப் பேர் கூடி நம் தெருவிலேயே ஒரு வாசகசாலை தொடங்குவோம். சபையும் அப்படித்தான் தொடங்கியது.